எடைக்குப் போகும் கேபின்கள்

சங்ககிரி, நாமக்கல், திருச்செங்கோடு பக்கம் பட்டறை ஓரத்தில் நிற்கும் பழைய லாரியை விற்க நினைப்பவருக்கு இரண்டு யோசனைகள்தான் கிடைக்கும். பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்து விலையை ஏற்று; இல்லையென்றால் காயலான் கடையில் எடைக்குப் போடு. அறுபதுகளின் டாடா மெர்சிடிஸ் பென்ஸ், லேலண்ட் காமெட் போன்ற வண்டிகளுக்கு இரண்டுமே கேடு. ஓடாவிட்டாலும் பழுதை மறைக்காமல், ஆர்.சி. புத்தகத்தோடு முழு வண்டியாக விற்பதே முறை. காரணம் அவற்றின் கேபின். டாடா 1954-ல் டைம்லர் பென்ஸோடு கைகோத்தது. எண்ணூர் ஆலை 1955-ல் அசோக் லேலண்ட் ஆனது. இரு ஆலைகளிலிருந்தும் பெரும்பாலும் வந்தது கேபின் இல்லாத சேசிஸ்தான். மரச்சட்டம் இழைத்து, தகடு தட்டி, கேபினும் பாடியும் கட்டியவர்கள் நம் ஊர் ஆசாரிகள். என்ஜினுக்கு ஆலையில் வரைபடம் இருக்கும். கேபினுக்கு அந்த வண்டியே வரைபடம். பட்டி பூசிவிட்டால் மரத்தில் மரம் பொருந்திய இடமும் ஆணித் தலைகளும் பழைய எழுத்தின் மேல் புது எழுத்து ஏறிய பெயின்ட் அடுக்கும் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். ஏ.சி. கேபின் கட்டாயமாகிவிட்ட காலத்தில் இன்னொரு முறை இதைக் கட்ட யார் வரப்போகிறார்கள்?

‘ஓடாத வண்டிக்கு எவன் காசு கொடுப்பான்?’ என்பார்கள். நியாயமான கேள்விதான். 2021-ல் வந்த விண்டேஜ் விதி, 50 ஆண்டு கடந்த இரு சக்கர, நான்கு சக்கர வாகனங்களுக்குத் தனிப் பதிவெண் தருகிறது. ஆனால் சொந்த உபயோக வண்டிகளுக்கு மட்டும். முதலாளியின் காருக்கு ‘விஏ’ எண் உண்டு, அவர் வீட்டுக்குச் சோறு போட்ட லாரிக்குக் கிடையாது. எஃப்.சி. கட்டணமும் பழைய கனரக வண்டிக்கு ஏறிவிட்டது. விலை படியாததற்கு இவையெல்லாம் காரணம். வண்டியின் மதிப்புக் குறைவு காரணமல்ல. காட்சிக்கு நிறுத்த வாங்குபவருக்கு அது ஓட வேண்டியதும் இல்லை. பழைய ஆர்.சி.யை வைத்துச் சேசிஸ் நம்பரில் தில்லுமுல்லு செய்வார்கள் என்ற பயமும் பொய்யல்ல. அதற்கு மருந்து, பெயர் மாற்றத்தை முடித்துவிட்டு வண்டியைக் கொடுப்பது. வாயால் சொல்லிச் சாவியைக் கொடுப்பதல்ல.

மத்திய அரசு அந்த விண்டேஜ் விதியில் சரக்கு வாகனத்தையும் சேர்க்க வேண்டும். அதுவரை உரிமையாளர்களுக்கு ஒரு வேண்டுகோள்: காயலான் கடைக்காரருக்கு போன் போடும் முன் சேசிஸ் நம்பரைப் பென்சில் பிரின்ட் எடுங்கள், கேபினை உள்ளும் புறமும் படம் பிடியுங்கள், முழு வண்டியாக வாங்க ஆள் உண்டா என்று விசாரியுங்கள்.