பாட்டிக்கு மட்டும் ஏன் எப்பவும் வெஜ் ஃப்ரைட் ரைஸ்? குடும்பத்தோடு ஏசியன் ரெஸ்டாரன்ட் போறீங்களா... இதைப் படிச்சிட்டுப் போங்க!

சனிக்கிழமை ராத்திரி ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்பில் 'நாளைக்கு எங்க சாப்பிடலாம்?' என்று ஒரு மெசேஜ் விழும். பிரியாணி போன வாரமே முடிஞ்சாச்சு. 'டிபன் கடைன்னா நான் வரல' என்று கே-டிராமா பார்க்கிற தங்கச்சி அடம்பிடிப்பாள். கடைசியில் சைனீஸ், தாய், கொரியன், ஜப்பானீஸ் எல்லாம் ஒரே மெனு கார்டில் இருக்கிற ஏதாவது ஒரு ஏசியன் ரெஸ்டாரன்ட் வாசலில் கார் போய் நிற்கும்.

அதுக்கு அப்புறம் நடக்கிறது எல்லா வீட்டிலும் ஒன்றுதான். பசங்க ராமென், டம்ப்ளிங், டியோக்போக்கி என்று ஆர்டரை அள்ளி விடுவாங்க. அப்பா மெனுவை மூடி வச்சிட்டு, "சில்லி சிக்கன் இருக்காப்பா?" என்பார். பாட்டி எதுவும் கேட்க மாட்டாங்க. அவங்களுக்காக யாராவது ஒருத்தர், "பாட்டிக்கு ஒரு வெஜ் ஃப்ரைட் ரைஸ்" என்று சொல்லி முடிச்சிடுவாங்க.

இதில் ரெண்டு சிக்கல். ஒன்று, எட்டுப் பேர் டேபிளில் பாட்டி மட்டும் தனியா ஒரு தட்டை வச்சிக்கிட்டு, மத்தவங்க போட்டோ எடுக்கிறதை வேடிக்கை பார்ப்பாங்க. ரெண்டாவது இதைவிடப் பெருசு. அவங்க முன்னாடி 'வெஜ்' என்று சொல்லி வச்ச தட்டு உண்மையிலேயே வெஜ்ஜாங்கிறதை யாருமே விசாரிச்சிருக்க மாட்டாங்க.

தட்டு என்னுது, டிஷ் எல்லாருக்கும்

முதல் சிக்கலை முதலில் முடிச்சிடலாம். சீனா, தாய்லாந்து, கொரியா பக்கம் வீட்டுச் சாப்பாடு எப்படின்னா, ஆளுக்கு ஒரு கிண்ணம் சோறு, மத்த எல்லாம் டேபிள் நடுவில். பெரிய சைனீஸ் ரெஸ்டாரன்ட்களில் நடுவில் சுத்துகிற வட்டப் பலகை இருக்கே, அது அதுக்குத்தான். யோசிச்சுப் பார்த்தால் நம்ம வீடும் அப்படித்தானே? 'இந்த சாம்பார் என்னோடது, நீ ரசம் ஆர்டர் பண்ணிக்கோ' என்று வீட்டில் யாரும் சொல்றதில்லை. ஹோட்டலுக்கு வந்தால் மட்டும் ஆளாளுக்கு ஒரு அயிட்டம் என்று மாறிடுறோம்.

அதனால் ஆர்டரை ஆளுக்கு ஒன்று என்று போடாமல் டேபிளுக்கு என்று போடுங்க. ஆறு பேர் என்றால் ஆவியில் வேகவைத்தது ஒன்று, கிரேவியாக ஒன்று, வறுத்தது ஒன்று, காய் ஒன்று, கூட சோறு. அந்த நாலில் ரெண்டாவது பாட்டி சாப்பிடக்கூடியதாக இருக்கட்டும். பல் செட் வச்சிருக்கிறவங்களுக்கு டோஃபு, ஆவியில் வெந்த காய், தெளிவான சூப் எல்லாம் ஃப்ரைட் ரைஸைவிட எவ்வளவோ சுகம். ராமென் மட்டும் இந்தக் கணக்கில் வராது. அது ஒருத்தருக்கான கிண்ணம். வந்த உடனே சூடாகச் சாப்பிட்டால்தான் ருசி. நாலு பேருக்குப் பிரிச்சு ஊத்துறதுக்குள்ள நூடுல்ஸ் ஊறிப்போகும்.

கோபி மஞ்சூரியன் கொடுத்த தைரியம்

ரெண்டாவது சிக்கலுக்கு வருவோம். 'சைனீஸ் கடையில இத்தனை வருஷமா வெஜ்தானே சாப்பிடுறோம், என்ன ஆயிடுச்சு?' என்று அம்மா கேட்பாங்க. நியாயமான கேள்வி. ஆனால் நாம சின்ன வயசிலிருந்து சாப்பிட்ட 'சைனீஸ்' பெரும்பாலும் இந்தியாவில் பிறந்தது. கொல்கத்தாவில் குடியேறிய ஹக்கா சீனர்கள் நம்ம நாக்குக்கு ஏத்த மாதிரி மாத்தி, பச்சை மிளகாய், இஞ்சி, பூண்டை அள்ளிப் போட்டு உருவாக்கிய சமையல் அது. சிக்கன் மஞ்சூரியனை 1975-ல் மும்பையில் நெல்சன் வாங் என்ற சமையல்காரர் கண்டுபிடிச்சார் என்று சொல்றாங்க. மஞ்சூரியாவுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை. கோபி மஞ்சூரியன் அதுக்கு வந்த சைவத் தம்பி.

இது இந்தியச் சமையல் என்பதால் 'வெஜ்' என்று நாம சொன்னால் என்ன அர்த்தம் என்பது அந்தக் கிச்சனுக்குத் தெரியும். சூப்பில் மட்டும் சிக்கன் ஸ்டாக் ஊத்துறாங்களா என்று கேட்டுக்கணும். அதே தைரியத்தோடு தாய், ஜப்பான், கொரிய மெனுவைப் பிரிச்சால்தான் இடிக்கும். அங்கே மீனும் இறாலும் கறித்துண்டாக மட்டும் வராது. உப்பாக வரும், சாஸாக வரும், சூப்புக்கு அடித்தண்ணியாக வரும். கண்ணுக்கே தெரியாது.

(இதுக்காக அப்பாவோட சில்லி சிக்கனை 'இதெல்லாம் ஒரிஜினல் கிடையாது' என்று கிண்டல் பண்ண வேண்டாம். நல்ல சில்லி சிக்கன் நல்ல சில்லி சிக்கன்தான்.)

எதில் என்ன ஒளிஞ்சிருக்கு?

தாய் சமையலில் உப்புக்குப் பதில் ஊத்துறது ஃபிஷ் சாஸ். நெத்திலி மாதிரி சின்ன மீன்களை உப்பு போட்டு மாதக்கணக்கில் ஊற வச்சு வடிச்ச தண்ணி அது. பப்பாளிக் காயைத் துருவி இடிச்சுத் தர்ற சோம் தம் சாலட்டைப் பார்த்தால் சுத்த சைவம் மாதிரி இருக்கும். வழக்கமான செய்முறையில் ஃபிஷ் சாஸும் உண்டு, காய்ந்த இறாலும் உண்டு. 'வெஜ் தாய் கிரீன் கறி' என்பார்கள். காய் எல்லாம் வெஜ்தான், ஆனால் அந்தப் பச்சை மசாலா விழுதையே இறால் பேஸ்ட் போட்டு அரைக்கிறதுதான் அந்த ஊர் வழக்கம். பேட் தாய் நூடுல்ஸில் நம்ம புளி இருக்கு, கூடவே ஃபிஷ் சாஸும் முட்டையும் வேர்க்கடலையும் இருக்கு.

ஜப்பான் பக்கம் போனால் மிசோ சூப். சோயா விழுதில் செய்தது என்பதால் வெஜ் என்று நினைச்சிடுவோம். அதுக்கு அடிப்படையான 'டாஷி' தண்ணி, பெரும்பாலும் உலர்த்திச் சீவிய மீன் துருவலில் கொதிக்க வச்சது. டோன்கொட்சு ராமென் என்றால் பன்றி எலும்பை மணிக்கணக்கில் கொதிக்கவிட்ட சூப். பன்றி சாப்பிடாத நண்பரைக் கூட்டிட்டுப் போறீங்கன்னா இதையும், கியோசா டம்ப்ளிங்குக்குள்ள என்ன இறைச்சி என்பதையும் கேட்டே ஆகணும். மாட்டிறைச்சி சாப்பிடாதவங்க கவனிக்க வேண்டியது வியட்நாமின் ஃபோ சூப்பும், கொரியாவின் புல்கோகியும்.

கிம்ச்சி? முட்டைக்கோஸ் ஊறுகாய் என்று சொல்லி எல்லார் தட்டிலும் வச்சிடுவோம். கொரிய வீடுகளில் அதில் உப்பில் ஊறிய குட்டி இறாலோ மீன் சாஸோ சேர்க்கிறது சாதாரணம். பசங்களோட செல்லமான டியோக்போக்கி அரிசிக் கொழுக்கட்டை மாதிரி இருந்தாலும், அதன் காரக் குழம்புக்குக் காய்ந்த நெத்திலி ஸ்டாக் ஊத்துற பழக்கம் உண்டு. சைனீஸில் பளபளன்னு வர்ற புரோக்கோலி, காளான் டிஷ்களில் ஆய்ஸ்டர் சாஸ், அதாவது சிப்பிச் சாறு இருக்கலாம்.

நம்ம ஊர் ரெஸ்டாரன்ட் எல்லாம் இப்படித்தான் செய்யுது என்று சொல்லவில்லை. சைவக்காரர்களுக்காகத் தனியாக மசாலா அரைக்கிற கிச்சன்கள் இருக்கு. காளானில் செய்த சைவ 'ஆய்ஸ்டர்' சாஸ் பாட்டிலிலேயே விற்குது. எந்தக் கிச்சன் எப்படி என்பது கேட்டால்தான் தெரியும்.

எப்படிக் கேட்கணும்?

"இது வெஜ்ஜா?" என்று கேட்காதீங்க. "ஆமா சார்" என்றுதான் பதில் வரும். சர்வர் பொய் சொல்லலை. அவரைப் பொறுத்தவரை கறித்துண்டு இல்லை என்றால் வெஜ். பொருளின் பெயரைச் சொல்லிக் கேளுங்க. "இதுல ஃபிஷ் சாஸ், ஆய்ஸ்டர் சாஸ், இறால் பேஸ்ட் எதாவது இருக்கா? சூப்புக்கு எந்த ஸ்டாக்?" இந்த ரெண்டு கேள்விக்கு அவர் முழிச்சார்னா, கொஞ்சம் கிச்சனில் கேட்டுட்டு வரச் சொல்லுங்க. அது அவங்க வேலைதான், நாம கூச்சப்பட ஒண்ணுமில்லை. வறுத்தது என்றால், வெஜ் அயிட்டத்துக்குத் தனி எண்ணெயா என்பது மூணாவது கேள்வி.

இன்னும் நல்ல வழி, கிளம்புறதுக்கு முன்னாடியே போன் பண்ணிக் கேட்கிறது. ஞாயிற்றுக்கிழமை மதியக் கூட்டத்தில் கிடைக்காத பொறுமையான பதில், காலை பதினொரு மணிக்குக் கிடைக்கும். பாட்டி வெங்காயம், பூண்டு சேர்க்க மாட்டாங்கன்னா அதையும் அப்பவே சொல்லிடலாம். கிழக்கு ஆசிய சமையல்காரருக்கு இது புதுசும் இல்லை. கொரியாவின் பௌத்த மடங்களில் சமைக்கிற சாப்பாட்டில் இறைச்சி, மீனோடு வெங்காயம், பூண்டும் கிடையாது. சீனாவிலும் வியட்நாமிலும் பௌத்த சைவச் சமையல் தனி மரபாகவே இருக்கு.

வீட்டில் யாருக்காவது அலர்ஜி இருந்தால் இது நம்பிக்கை பத்தின விஷயமாக மட்டும் நிற்காது, உயிர் பத்தினதாகிடும். வேர்க்கடலை, இறால், முட்டை, சோயா, எள்... அலர்ஜி தரக்கூடிய முக்கியமான பொருள் எல்லாம் இந்த மெனுவில் ஒண்ணு கூடியிருக்கு. உட்கார்ந்த உடனே, ஆர்டருக்கு முன்னாடியே சொல்லுங்க. 'பாப்பாவுக்குக் கடலை பிடிக்காது' என்றால் மேலே தூவாமல் தருவாங்க. 'கடலை சாப்பிட்டா மூச்சுத் திணறும்' என்றால்தான் தனிக் கடாய் எடுப்பாங்க. தட்டில் இருக்கிற கடலையைப் பொறுக்கிட்டுக் கொடுக்கிற வேலையே வேண்டாம். பத்தும் அதுக்கு மேலயும் கிளைகள் இருக்கிற உணவகங்கள் கலோரி அளவையும் அலர்ஜி விவரங்களையும் வாடிக்கையாளருக்குத் தரணும் என்று எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ விதி இருக்கு. மெனுவில் இல்லைன்னா கேட்டு வாங்கலாம்.

அஜினமோட்டோவா, உப்பா?

சாப்பிட்டு முடிச்சதும் ஒரு மாமா, "எல்லாம் அஜினமோட்டோ, தலை வலிக்கும் பாரு" என்பார். 1908-ல் ஜப்பானிய வேதியியலாளர் கிகுனே இகெடா கடற்பாசியில் இருந்து பிரிச்செடுத்த சுவைதான் அது. தக்காளியிலும் சீஸிலும் இயற்கையாகவே இருக்கிற குளூட்டமேட். பயம் கிளம்பினது 1968-ல், ஓர் அமெரிக்க மருத்துவ இதழுக்கு ஒரு டாக்டர் எழுதிய கடிதத்தில் இருந்து. அதுக்கப்புறம் யாருக்கு எது கொடுத்தாங்க என்று தெரியாமல் செய்த சோதனைகளில், வழக்கமான அளவில் சாப்பிட்டவங்களுக்கு அந்தத் தலைவலி உறுதியாக நிரூபணம் ஆகலை.

மாமா கவலைப்பட வேண்டியது உப்பைப் பத்தி. ஒரு டேபிள் ஸ்பூன் சோயா சாஸில் சுமார் 900 மில்லிகிராம் சோடியம். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கே 2,000 மில்லிகிராமுக்குள்ள நிறுத்தச் சொல்லுது. பி.பி. மாத்திரை போடுறவங்க ராமெனில் நூடுல்ஸைச் சாப்பிட்டு, சூப்பைப் பாதியிலேயே விட்டுடலாம்.

சாப்ஸ்டிக்? வராதவங்களுக்கு ஸ்பூன் கேளுங்க, அவ்வளவுதான். தாய்லாந்தில் சோத்தை ஸ்பூனில்தான் சாப்பிடுறாங்க. சுஷியைக் கையில் எடுத்தே சாப்பிடலாம். சோத்துக்கு நடுவில் குச்சியை நட்டு வைக்கிறதை மட்டும் பசங்க தவிர்க்கணும். ஜப்பானிலும் சீனாவிலும் அது இறந்தவங்களுக்குப் படைக்கிற முறையை ஞாபகப்படுத்தும்.

முதல் தடவையா? அத்தோவில் ஆரம்பிக்கலாம்

வீட்டுப் பெரியவங்களுக்கு இந்த ருசி எல்லாம் தூரம் என்று நினைச்சால், பாரிமுனைக்குக் கூட்டிட்டுப் போங்க. 1960-களில் பர்மாவில் இருந்து திரும்பி வந்த தமிழர்கள் கொண்டுவந்த அத்தோ, பர்மா பஜார் பக்கம் இன்னும் சாயங்காலமானால் தள்ளுவண்டியில் கிடைக்குது. நூடுல்ஸ், முட்டைக்கோஸ், வெங்காயம், புளித்தண்ணி, மிளகாய்த்தூள், நொறுக்கின பேஜோ எல்லாம் போட்டுக் கையாலேயே பிசைஞ்சு தருவாங்க. கூட வாழைத்தண்டு சூப். பர்மாவில் அந்த சூப்பின் மூலமான மொஹிங்கா மீன் போட்டது. அதனால் இங்கேயும் பாட்டிக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க. கொரியன் வேணும்னா அதுக்கும் சென்னை நல்ல ஊர். ஹூண்டாய் 1996-ல் இந்தியாவுக்கு வந்து இருங்காட்டுக்கோட்டையில் தொழிற்சாலை போட்டதும் கூடவே கொரியக் குடும்பங்கள் வந்தாங்க, அவங்களுக்காகவே கடைகள் திறந்தாங்க. அப்படிக் கடைகளில் பஞ்சான் என்கிற குட்டிக் குட்டித் தொடுகறிகள் சாப்பாட்டோடு சேர்த்தே வரும். கொரிய வழக்கப்படி அதுக்குத் தனி விலை கிடையாது.

பில்லைப் பார்க்கும்போது 'சர்வீஸ் சார்ஜ்' என்று ஒரு வரி இருந்தால் எடுக்கச் சொல்லலாம். அதை பில்லில் தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-ல் சொன்னதை, டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் உறுதி செய்தது. மறுத்தால் 1915-க்குப் போன் பண்ணலாம். ஜி.எஸ்.டி வேற, அதைக் கட்டித்தான் ஆகணும்.

மிச்சமான ஃப்ரைட் ரைஸை பார்சல் வாங்கினால், நேராக வீட்டுக்குப் போய் ரெண்டு மணி நேரத்துக்குள்ள ஃப்ரிட்ஜில் வச்சிடுங்க. கார் டிக்கியில் மறந்துட்டு பீச்சுக்குப் போனால், அந்தச் சோத்தில் வளர்ற பாக்டீரியாவின் நச்சு மறுநாள் எவ்வளவு சூடு பண்ணினாலும் போகாது. ராமெனைப் பார்சல் கேட்கவே வேண்டாம். வீடு போய்ச் சேர்றதுக்குள்ள நூடுல்ஸ் சூப்பைக் குடிச்சிட்டுப் படுத்திருக்கும்.