முதல் லாகின்

டீயைக் குடித்துக்கொண்டே கேளுங்கள், அவசரம் இல்லை. ஓபன்பிஎஸ்டி இயங்குதளத்தை நிறுவி, கணினியை மறுபடி கிளப்பியாயிற்று. எழுத்துகள் சரசரவென்று ஓடி நின்றதும் 'லாகின்' என்ற ஒரே சொல் மிச்சம். இங்கேதான் பலர் திகைத்துப்போகிறார்கள். ஒன்றும் கெட்டுப்போகவில்லை, உங்கள் பெயரைக் கேட்கிறது, அவ்வளவுதான்.

நிறுவும்போது வேறு பயனர் யாரையும் சேர்க்காமல் விட்டிருந்தால், நிர்வாகிக் கணக்கின் பெயரான 'ரூட்' என்று அடியுங்கள். அடுத்தது பாஸ்வேர்டு. எவ்வளவு அடித்தாலும் திரையில் ஒரு புள்ளிகூட விழாது. கீபோர்டு பழுது என்று நினைத்துவிடாதீர்கள். பக்கத்தில் நிற்பவர் எத்தனை எழுத்து என்றுகூட எண்ணிவிடக் கூடாது என்பதற்காகத்தான் இந்த ஏற்பாடு. நீங்கள் அடிப்பது அப்படியே எங்கும் எழுதி வைக்கப்படுவதும் இல்லை. பிகிரிப்ட் என்ற முறை அதை அரைத்து, திருப்பிப் பெற முடியாத வேறொரு சரமாக்குகிறது. பாஸ்வேர்டு கோப்பில் இருக்கும் சரமும் அதுவும் ஒத்துப்போனால் உள்ளே விடும். நீல்ஸ் ப்ரோவோஸும் டேவிட் மாசியரும் 1999இல் வெளியிட்ட இந்த முறை, வேண்டுமென்றே மெதுவாக வேலை செய்யும். கணினிகளின் வேகம் கூடக்கூட அந்தத் தாமதத்தையும் கூட்டிக்கொள்ளலாம். ஒருமுறை அடிக்கும் உங்களுக்கு அந்தத் தாமதம் தெரியவே தெரியாது. கோடிக்கணக்கில் ஊகித்துப் பார்ப்பவனைத்தான் அது முடக்கும். எனக்கு மிகவும் பிடித்த யோசனை இது.

உள்ளே போனதும் 'மெயில்' என்று அடித்துப் பாருங்கள். ஓபன்பிஎஸ்டி திட்டத்தைத் தொடங்கிய தியோ டி ராட் பெயரில் ஒரு வரவேற்புக் கடிதம் இருக்கும். பிறகு 'மேன் ஆஃப்டர்பூட்'. தேதி சரியா, நெட்வொர்க் வந்ததா என்று முதல் நாளில் பார்க்க வேண்டியதெல்லாம் அந்தக் கையேட்டுப் பக்கத்தில் உண்டு. இணையத்தில் தேடுவதற்கு முன் இதைப் படியுங்கள். உங்களிடம் இருக்கும் பதிப்போடு சேர்ந்தே வந்தது அது.

ரூட்டின் பயனர் எண் 0. கோப்பு அனுமதிகள் அந்த எண்ணைத் தடுப்பதில்லை. தவறாக அடித்த ஒரு கட்டளையையும் கணினி மறுகேள்வி இல்லாமல் நிறைவேற்றும். அதனால் ரூட்டாக அதிக நேரம் இருக்காதீர்கள். 'ஆட்யூசர்' கட்டளையால் உங்கள் பெயரில் ஒரு கணக்கு தொடங்கி, அதை 'வீல்' குழுவில் சேருங்கள். 2015இல் 5.8 பதிப்போடு வந்த 'டூஆஸ்' கட்டளைக்கான மாதிரிக் கோப்பு எக்ஸாம்பிள்ஸ் அடைவில் இருக்கிறது. அதை இடிசி அடைவுக்கு நகலெடுத்தால், வீல் குழுவினர் தேவைப்படும்போது மட்டும் டூஆஸ் மூலம் ரூட்டின் அதிகாரத்தை வாங்கிக்கொள்ளலாம்.

ரூட்டிலிருந்து வெளியேறுவதற்கு முன், இன்னொரு கன்சோலில் உங்கள் பெயரில் நுழைந்து டூஆஸை ஒருமுறை சோதித்துவிடுங்கள்.