ஆவணப் படமும் கால அளவும்

பழைய ஆவணப் படங்களில் காந்தியடிகள் ஏறக்குறைய ஓடுவதுபோல் நடப்பதைப் பார்த்திருப்பீர்கள். அவர் இயல்பாகவே விரைந்து நடப்பவர். ஆயினும் திரையில் தெரியும் விரைவில் அவருடையது எவ்வளவு, கருவியினுடையது எவ்வளவு? ஆவணப் படத்தை வரலாற்றுச் சான்றாகக் கொள்வோர் இக்கேள்வியைக் கேட்டே ஆகவேண்டும்.

தமிழிலேயே இதற்குப் பொருத்தமான எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. கோட்டையூரைச் சேர்ந்த ஏ. கே. செட்டியார் டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் ஒளிப்படக் கலை பயின்றவர். காந்தியடிகளைப் பற்றி ஆவணப் படம் எடுக்க 1937-இல் முடிவு செய்தார். பல நாடுகளுக்கும் சென்று, வெவ்வேறு காலங்களில் பலர் எடுத்திருந்த படச்சுருள்களைத் திரட்டினார். சேர்ந்தவை ஏறத்தாழ 50,000 அடி. அவற்றிலிருந்து தொகுத்த சுமார் 12,000 அடிப் படம் 1940-இல் தமிழ் விளக்கவுரையுடன் வெளிவந்தது.

இந்த அடிக் கணக்கை நேரமாக மாற்றிப் பார்ப்போம். 35 மில்லிமீட்டர் பிலிமில் ஓர் அடிக்கு 16 படங்கள். பேசும்படம் விநாடிக்கு 24 படங்கள் வீதம் ஓடும். அதாவது நிமிடத்திற்கு 90 அடி. எனவே 50,000 அடி ஓடி முடிய ஒன்பது மணி நேரத்திற்கு மேலாகும். 12,000 அடிக்கோ 2 மணி 13 நிமிடமே போதும். நான்கில் மூன்று பங்கு விலக்கப்பட்டுவிட்டது! எதைக் காட்டுவது, எதை விடுவது என்பது தொகுப்பவரின் தீர்ப்பு. ஆவணப் படத்தை ஆராய்வோர் முதலில் நோக்க வேண்டியது இதுதான்.

அடுத்தது வேகம். மௌனப்படக் காலத்தில் காமிராவின் கைப்பிடியைக் கையால் சுற்றிப் படம் எடுத்தனர். வேகம் ஆளுக்கு ஆள் மாறும். விநாடிக்குச் சுமார் 16 படங்கள் எனலாம். அச்சுருளை 24 படங்கள் வீதம் ஓட்டினால் எல்லா இயக்கமும் ஒன்றரை மடங்கு விரைவாகும்.

ஏற்காட்டு ஏரியின் உபரி நீர் விழும் கிளியூர் அருவியை அவ்வாறு படமெடுத்ததாகக் கொள்வோம். 20 மீட்டர் தடையின்றி விழும் நீர்த்துளிக்கு உண்மையில் 2 விநாடி ஆகும். திரையிலோ அது 1.35 விநாடியில் விழுந்துவிடும். புவியீர்ப்பு முடுக்கம் 2.25 மடங்கு ஆகிவிட்டதுபோல் தோன்றும். இதைச் சரிசெய்ய, ஒன்றுவிட்டு ஒரு படத்தை இருமுறை அச்சிடுவார்கள். 16 படங்கள் 24 ஆகும், நடை இயல்பாகும்.

மூன்றாவது, பிலிமின் ஆயுள். அந்நாளைய பிலிம் செல்லுலோஸ் நைட்ரேட்டால் ஆனது. வெப்பத்திலும் ஈரத்திலும் அது சிதையும். அப்போது வெளிப்படும் நைட்ரஜன் ஆக்சைடுகள் ஈரத்துடன் சேர்ந்து அமிலமாகி, சிதைவை மேலும் விரைவாக்கும். தீப்பற்றினால் காற்றில்லாமலும் எரியும். செட்டியாரின் தமிழ்ப் படத்தின் மூலப்படி எவ்வளவோ தேடியும் கிடைக்கவில்லை. அமெரிக்காவில் 1953-இல் உருவான ஆங்கிலப் பதிப்பே பின்னாளில் கைக்கு எட்டியது. ஆகவே எஞ்சியுள்ள பழஞ்சுருள் ஒவ்வொன்றையும் காப்பதும், சரியான வேகத்தில் ஓட்டிப் பார்ப்பதும் நம் கடமையாகும்.

இனிப் பழைய படம் ஒன்றைக் காணும்போது நடப்பவரை மட்டும் பாராதீர்கள். அதே காட்சியில் விழும் நீரையோ, வீசியெறியப்பட்ட மாலையையோ கவனியுங்கள். அவை இயல்பாக விழுகின்றன என்றால், நடையின் வேகத்தையும் நம்பலாம்.