மூடாத அலகு

தஞ்சாவூரிலிருந்து மன்னார்குடி போகும் சாலையில் ஏறக்குறைய 25 கிலோமீட்டர் தொலைவில் வடுவூர் ஏரி. 1999-இல் பறவைகள் சரணாலயமானது. 2022-இல் ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. மார்கழி, தை மாதங்களில் இங்கே கூட்டம் கூடும். ‘வெளிநாட்டுப் பறவைகள் வருகை’ என்று செய்தி வந்ததும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிறோம், கரையில் நின்று தூரத்து வாத்துகளைப் பார்க்கிறோம், திரும்பிவிடுகிறோம். வழியில் சம்பா வயலில் நிற்கிற நாரைக்காக யாரும் வண்டியை நிறுத்துவதில்லை. எனக்கு அதில் வருத்தம் உண்டு. காவிரி டெல்டாவின் பெரிய அதிசயம் அந்த வயலில்தான் நிற்கிறது.

அது நத்தைகுத்தி நாரை. சாம்பல் கலந்த வெள்ளை உடல், கறுத்த இறக்கை, தடித்த அலகு. அந்த அலகைப் பைனாகுலரில் பாருங்கள்: வாயை மூடிய பிறகும் மேலலகுக்கும் கீழலகுக்கும் நடுவே சந்து தெரியும். நுனிகள் மட்டும்தான் சேரும்.

எதற்காக இந்தச் சந்து? நத்தையை அதில் வைத்துப் பாக்குவெட்டி போல நெரித்து உடைக்கிறது என்றே வெகுகாலம் நினைத்தார்கள். உயிரியலாளர் ஜூலியன் ஹக்ஸ்லியே 1960-இல் அந்த முடிவுக்குத்தான் வந்தார். பின்னால் வந்த ஆய்வுகள் அதை ஏற்கவில்லை. குஞ்சு பொரிக்கும்போது அலகில் சந்து கிடையாது. வயது ஏற ஏறத்தான் விழுகிறது. சந்து விழாத இளம் பறவையும் நத்தை தின்கிறது! நுனிகள் இன்னும் சாய்வாக வந்து சந்தித்து, ஓட்டின்மேல் கூடுதல் விசையோடு அழுந்த இந்த வளைவு உதவலாம் என்பது இப்போது சொல்லப்படும் விளக்கம்.

வேலை நடப்பது பெரும்பாலும் சேற்றுத் தண்ணீருக்குள். அதனால் கண்ணுக்குச் சரியாகப் பிடிபடாது. தலையைத் தண்ணீரில் அமிழ்த்தி விறுவிறுவென்று மேலும் கீழும் குத்தும். அகப்பட்ட நத்தையை மேலலகால் தரையோடு அழுத்திக்கொள்ளும். கீழலகின் நுனி பல பறவைகளுக்குச் சற்று வலப்பக்கம் வளைந்திருக்கும். அதை நத்தையின் வாய்மூடிக்குக் கீழே செலுத்தி, சதையை அறுத்து வெளியே இழுத்துவிடும். சின்ன நத்தையென்றால் அப்படியே விழுங்குவதும் உண்டு. 19-ஆம் நூற்றாண்டில் சென்னை ராணுவத்தில் மருத்துவராக இருந்த ஜெர்டன், கண்ணைக் கட்டிவிட்டாலும் இந்தப் பறவை நத்தையைப் பிடித்துவிடும் என்று எழுதியிருக்கிறார். அலகு தொட்டே அறிகிறது.

வரப்பில் நடக்கும்போது கிடக்கிற நத்தை ஓடுகளைக் கொஞ்சம் கையில் எடுத்துப் பாருங்கள். உடையாமல், உள்ளே வழித்தெடுத்தாற்போல் காலியாக இருந்தால், நாரையின் கைவரிசையாக இருக்கலாம்.

நாரையைப் போலவே நத்தையும் வியப்புக்குரியது. நம் வயல் நத்தைக்குச் செவுளும் உண்டு, நுரையீரலும் உண்டு. கோடையில் வயல் வெடிக்கும்போது மண்ணுக்குள் இறங்கி, வாய்மூடியை இறுகச் சாத்திக்கொண்டு மாதக்கணக்கில் கிடக்கும். தண்ணீர் பட்டால் எழும். அந்தத் தண்ணீர் வரும் நாள் டெல்டாவில் எல்லோருக்கும் தெரியும். மேட்டூர் அணை 1934-இல் பயன்பாட்டுக்கு வந்தது. ஜூன் 12-இல் திறப்பது வழக்கம், ஜனவரி 28-இல் அடைப்பது வழக்கம். திறந்த சில நாட்களில் தண்ணீர் கல்லணைக்கு வந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரிகிறது. வாய்க்கால் வாய்க்காலாக வயலுக்கு ஏறுகிறது. மண்ணுக்குள் கிடந்த நத்தை மேலே வருகிறது. அதன் பின்னாலேயே நாரை வருகிறது.

ஏரியும் இதே கணக்கில்தான் ஓடுகிறது. திருத்துறைப்பூண்டி பக்கம் இருக்கிற உதயமார்த்தாண்டபுரம் சரணாலயமும் கோடையில் காய்ந்து, மேட்டூர்த் தண்ணீரும் பருவமழையும் வந்தபின் நிரம்புவது. ஏரிக்குள் நிற்கும் கருவேல மரங்களைத் தண்ணீர் சூழ்ந்த பிறகு பறவைகள் கூடு கட்டுகின்றன. பூனையோ நரியோ நடந்து வந்து ஏற முடியாது. அடைகாக்க ஏறக்குறைய ஒரு மாதம். குஞ்சு பசித்துக் கத்தும் நாட்களில் சுற்றிலும் சம்பா வயலில் தண்ணீர் நிற்கிறது, நத்தை கிடைக்கிறது. திறப்பு தள்ளிப்போன வருஷத்தில் விவசாயிக்கு ஏற்படும் தவிப்பு இந்தப் பறவைக்கும் உண்டு.

நத்தை பெருகினால் என்ன ஆகும் என்பதைத் தாய்லாந்தில் பார்த்தார்கள். தென் அமெரிக்காவிலிருந்து 1980-களில் ஆசிய வயல்களுக்குப் பரவிய தங்க நத்தை நெல்நாற்றைத் தின்று தீர்த்தது. அந்த நத்தை பெருகப் பெருக, அதைத் தின்னும் நத்தைகுத்தி நாரைகளும் அங்கே பெருகின. நத்தை கொல்லி மருந்து தெளித்தால் நத்தையோடு நாரைக்கும் கேடு. நம் வயலில் கூலியில்லாமல் வேலை செய்யும் ஆளை நாமே விரட்டலாமா?

பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு: ஏரிக்கரைக்குப் போகும் முன் காலையில் நடவு வயல் ஓரமாக நில்லுங்கள். வெயில் ஏறிச் சூடான காற்று மேலெழத் தொடங்கியதும் நாரைகள் அதைப் பிடித்து வட்டமடித்து உயரப் போய்விடும். அதற்கு முன்னால், தலையைக் கழுத்து வரை தண்ணீரில் அமிழ்த்திக் குத்துகிற பறவையாகப் பார்த்து, தலை நிமிரும் வரை காத்திருங்கள். அலகு நுனியில் நத்தைச் சதை தெரியும்.