பெயர் தேடும் பயணம் – 9: விடுதலைக்குப் பின் இறந்தவர்கள்

1945 ஏப்ரல் 15 அன்று நாஜிகளின் பெர்கன்-பெல்சன் முகாமுக்குள் பிரிட்டிஷ் படை நுழைந்ததோடு சென்ற வாரம் நிறுத்தியிருந்தேன். அப்பாடா என்று நீங்கள் மூச்சு விட்டிருந்தால் மன்னிக்கவும். அன்று உயிரோடு மீட்கப்பட்டவர்களில் ஏறத்தாழ 14,000 பேர் ஜூன் மாதத்துக்குள் இறந்துபோனார்கள். டைபஸ் காய்ச்சல், காசநோய், வயிற்றுப்போக்கு, எல்லாவற்றுக்கும் அடியில் பட்டினி. வற்றிப்போன குடலுக்கு ராணுவத்தின் டப்பா இறைச்சியே எமனானது. பிறகு, வங்கப் பஞ்சத்தின்போது உருவான ஊட்டக் கலவையை வரவழைத்துப் பார்த்தார்கள். அந்தத் தித்திப்பு பலருக்குத் தொண்டையில் இறங்கவே இல்லை.

இறந்தவர்களில் பலர் யாரென்று இன்றுவரை தெரியாது. முகாமின் பதிவேடுகளை நாஜிகள் முன்கூட்டியே அழித்துவிட்டது ஒரு காரணம். இன்னொரு காரணத்தைச் சொல்லக் கொஞ்சம் சங்கடமாக இருக்கிறது: காப்பாற்ற வந்தவர்களின் அவசரம்.

மருத்துவர் குடிசை குடிசையாகப் போவார். பிழைக்க வாய்ப்பிருப்பதாகத் தோன்றும் நோயாளியின் நெற்றியில் சிவப்புச் சிலுவைக் குறி போடுவார். பெயர் கேட்க நேரமில்லை. நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கில் செத்துக்கொண்டிருந்தார்கள். குறி போட்டவர்களைத் தூக்கிக்கொண்டு போவது ‘மனித சலவைக்கூடம்’ என்று சிப்பாய்கள் பெயர் வைத்த குதிரை லாயத்துக்கு. அங்கே உடைகளைக் களைந்து, குளிப்பாட்டி, பேன் மருந்து தூவி, போர்வையில் சுற்றி மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். சட்டையில் எண் தைத்திருந்தால் அதுவும் போயிற்று. மடிப்பில் துண்டுக் காகிதம் ஒளித்திருந்தால் அதுவும் போயிற்று. கையில் எண் பச்சை குத்தும் வழக்கம் ஆஷ்விட்ஸில் மட்டும்தான். மற்ற முகாம்களிலிருந்து வந்தவர்கள் நினைவு தப்பினால், அடையாளம் சொல்ல உடம்பில் ஒன்றும் இல்லை. மே 21-ல் கடைசிக் குடிசையும் கொளுத்தப்பட்டது. மருத்துவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். டைபஸைப் பரப்பும் பேனை ஒழிக்க அவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை.

ஆனால் விளைவு விசித்திரமானது. அந்த வாரங்களில் தப்பிப் பிழைத்தோரின் பட்டியல்கள் அவசர அவசரமாகத் தயாராகி வெளியூர்களுக்குப் போயின. பட்டியல் போய்ச் சேரும் முன்பே அதிலிருந்த சிலர் புதைக்கப்பட்டிருந்தார்கள். தம்பியின் பெயரை ‘உயிரோடிருப்போர்’ வரிசையில் படித்துவிட்டு ஒரு அக்கா எத்தனை ஆண்டு கடிதம் எழுதியிருப்பாள்?

இன்றைய தேடல் தொடங்குவதும் அந்தப் பட்டியலிலிருந்துதான். அதில் இருக்கும் பெயர் அகதிகள் முகாமின் பதிவில் இருக்கிறதா? அந்தக் கோடையில் லூபெக்கிலிருந்து சுவீடனுக்குக் கப்பலேறிய நோயாளிகளில் இருக்கிறதா? எங்குமே இல்லையென்றால் மருத்துவமனைக் குறிப்பையும் புதைகுழிப் பதிவையும் புரட்ட வேண்டும். காதில் விழுந்தபடி எழுதியதால் ஒரே பெயருக்குப் பல எழுத்துக்கூட்டல்கள். ஊர்ப் பெயரும் அப்படித்தான்: ருமேனியாவின் சிகெத், ஹங்கேரியர் எழுதினால் மாராமரோஷ்சிகெத். ஜெர்மனியின் பாட் அரோல்சன் ஆவணக் காப்பகத்தில் கோடிக்கணக்கான பெயர் அட்டைகளை எழுத்து வரிசையில் அடுக்காமல் ஒலி வரிசையில் அடுக்கியது இந்தத் தலைவலியால்தான். போதாக்குறைக்கு, வேலைக்குத் தகுதியானவர்களாகக் காட்டிக்கொள்ளச் சிறுவர்கள் வயதைக் கூட்டிச் சொல்லியிருந்தார்கள். பிறந்த ஆண்டையும் நம்ப முடியாது.

இவ்வளவு மெனக்கெடுவது எதற்கு என்று ஒரு நண்பர் கேட்டார். யூதச் சட்டப்படி, கணவன் இறந்ததற்குச் சான்று இல்லாமல் மனைவி மறுமணம் செய்ய முடியாது. திதி கொடுக்கத் தேதி வேண்டும். அது தெரியாதவர்களுக்காக இஸ்ரேலின் தலைமை ரப்பிகள் யூத நாட்காட்டியில் தெவெத் மாதத்தின் 10-ம் நாளைப் பொதுவாக ஒதுக்கினார்கள்.

பெல்சனில் மேடு மேடாக இருக்கும் புதைகுழிகளின் முகப்பில் கல் பதித்திருக்கிறார்கள். ஒன்றில், ‘இங்கே 5000 பேர் துயில்கிறார்கள், ஏப்ரல் 1945’ என்றிருக்கிறது. பெயர் ஒன்றுகூட இல்லை.

பிரெஞ்சுக் கவிஞர் ராபர்ட் தெஸ்னோஸுக்கு அந்தக் கதி நேரவில்லை. 1945 ஜூன் 8 அன்று தெரெசின் முகாமில் அவர் இறப்பதற்குச் சில நாள் முன்பு, அவரைப் பற்றி அறிந்திருந்த ஒரு செக் மருத்துவ மாணவர் கட்டிலருகே போய்ப் பெயரைக் கேட்டார். அடுத்த வாரம் தெரெசினுக்குப் போவோம்.