மலேரியா விட்டுச்சென்ற மரபுரிமை

1934ஆம் ஆண்டு தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. கித்துல்கல வழியே பாயும் களனி கங்கையிலும் மகா ஓயாவிலும் நீர் குன்றி, ஆற்றுப்படுக்கைகளில் தேங்கிய குட்டைகளில் நுளம்புகள் பெருகின. அவ்வாண்டின் இறுதியில் வெடித்த மலேரியா, சில மாதங்களில் சுமார் 80,000 உயிர்களைப் பறித்தது. கேகாலை, குருநாகல் மாவட்டங்களே மிக மோசமாகப் பாதிக்கப்பட்டன.

மலேரியாவின் நிரந்தர இருப்பிடமான உலர்வலயத்தை விட இப்பகுதிகள் ஏன் அதிகம் அழிவைக் கண்டன? உலர்வலய மக்கள் மீண்டும் மீண்டும் தொற்றுக்குள்ளாகி ஓரளவு நிர்ப்பீடனம் பெற்றிருந்தனர். கேகாலை மக்களுக்கு அது வாய்த்திருக்கவில்லை. எனினும், இவ்வாறு ஈட்டப்படும் நிர்ப்பீடனம் அவரவர் வாழ்நாளுடன் முடிவடைவதாகும்.

தலைமுறை தலைமுறையாகத் தொடரும் பாதுகாப்பு மரபணுக்களில் உள்ளது. மலேரியா ஒட்டுண்ணி செங்குழியத்தினுள் புகுந்து ஈமோகுளோபினை உண்டு வளர்கிறது. பெற்றோரில் ஒருவரிடமிருந்து மாத்திரம் தலசீமியா மரபணுவைப் பெற்றவரின் செங்குழியங்கள் சிறியவை. அவருக்கு மலேரியா தொற்றலாம். ஆனால் கடுமையாகும் வாய்ப்புக் குறைவு. மலேரியா நிலவிய நாடுகளில் தலசீமியா மலிந்திருப்பதற்கு இதுவே காரணமாகலாம் என 1949இல் விஞ்ஞானி ஹோல்டேன் கருத்துரைத்தார். அரிவாள் வடிவச் செங்குழிய மரபணுவும் இவ்வாறே காக்கிறது என்பதை 1954இல் அலிசன் ஆபிரிக்காவில் எடுத்துக்காட்டினார்.

2016 செப்டெம்பரில் இலங்கை மலேரியா அற்ற நாடாக உலக சுகாதார ஸ்தாபனத்தினால் பிரகடனப்படுத்தப்பட்டது. பகைவன் அகன்றான், கேடயம் மட்டும் எஞ்சியுள்ளது. அதுவே இன்று சுமையாகியுள்ளது. தாய், தந்தை இருவரும் இம்மரபணுவைக் காவுபவர்களாயின், பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் கடும் தலசீமியா ஏற்படும் வாய்ப்பு நான்கில் ஒன்றாகும். அப்பிள்ளை வாழ்நாள் முழுவதும் குருதி ஏற்றிக்கொள்ள நேரிடும்.

மாமன் மகள், அத்தை மகன் என உறவுக்குள் மணமுடிக்கும் வழக்கம் தமிழ், முஸ்லிம் சமூகங்களில் உண்டு. ஒரே குடும்பத்தில் இருவரும் ஒரே மரபணுவைக் கொண்டிருக்கும் வாய்ப்பு அதிகம் என்பதால், திருமணத்திற்கு முன்னரான குருதிப் பரிசோதனை நமக்கு இன்றியமையாததாகும். தோட்டப் பெண்களிடம் காணப்படும் இரத்தசோகை அனைத்தும் இரும்புச்சத்துக் குறைபாடல்ல என்பதும் கவனத்திற்குரியது.

மரபணுவைக் காவுவது நோயுமல்ல, குறையுமல்ல. அதை மறைக்க வேண்டிய அவசியமில்லை. ஜாதகம் பார்ப்பதற்கும் நிக்காஹ் நாள் குறிப்பதற்கும் முன்னர் இருவீட்டாரும் இப்பரிசோதனையைச் செய்துகொள்வார்களாயின், பிறக்கவிருக்கும் பிள்ளைகளின் பெருந்துயரைத் தவிர்க்கலாம்.