மீள்வதும் மீளாததும்

கணிப்பொறியின் வன்தட்டு பழுதுற்றதும், அதில் நிறுவப்பெற்று வந்த இயக்க முறைமையின் உரிமமும் அழிந்ததென்று எண்ணி, மீண்டும் விலைகொடுத்து வாங்குவார் உளர். அது வேண்டா. 2012ஆம் ஆண்டில் விண்டோஸ் 8 வெளிவந்தது முதல், விண்டோஸ் நிறுவி விற்கப்படும் கணிப்பொறிகளில் உரிமக்குறி பொதுவாகத் தாய்ப்பலகையிலேயே பதிக்கப்படுகின்றது. கூரையை மாற்றி வேய்ந்தாலும் மனைப்பட்டா மாறாதன்றோ? அதுபோலவே, வன்தட்டை மாற்றினாலும் உரிமம் மாறுவதில்லை.

விண்டோஸ் 11 உடன் வந்த கணிப்பொறியாயின், மைக்ரோசாப்டு நிறுவனம் விலையின்றி வழங்கும் நிறுவற்கோப்புகளை வேறொரு கணிப்பொறியின் வாயிலாக 8 ஜிபி பென்டிரைவில் ஏற்றுக. அதனைக் கொண்டு, முன்னிருந்த பதிப்பையே புதிய வன்தட்டில் நிறுவுக. இணையத்தோடு இணைந்ததும் உரிமம் தானே உறுதிப்படும்.

மாணவர்களே! இயக்க முறைமை இவ்வாறு மீளும். நீங்கள் எழுதிய கட்டுரைகளோ மீளா. ஆதலின், வன்தட்டு நலமாயிருக்கும்பொழுதே அவற்றைப் படியெடுத்து வேறிடத்தில் வைத்தல் அறிவுடைமையாகும்.